சின்னவள் கொட்டிய உம்

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படிக்கப் போகிறேன் என்று சின்னவள் வாய் திறந்த நாளிலிருந்து, அப்பா அவளோடு அளந்துதான் பேசினார். சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, அதோடு சரி. மூத்தவள் கணக்கு படித்துவிட்டு மாமாவின் தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவளுக்கும் அங்கே இடம் தயார். மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். குடும்பத்தில் யார் படிப்பு முடிந்தாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற மனிதர். கடைசியில் அம்மா நடுவில் புகுந்து பேசி முடித்தாள். படிக்கட்டும், ஆனால் ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும் சரி, மறுபேச்சில்லாமல் மாமாவின் நாற்காலி.

இரண்டு வருடம் சிக்கலில்லாமல் ஓடியது. மூன்றாவது வருடம் ஒலிப்பதிவுப் பாடம் வந்து குறுக்கே நின்றது. உழைக்கிற ஒருவர் தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், கேட்பவர் குரல் எங்கேயும் வரக்கூடாது. "கண்ணால கேளுங்க, தலையை ஆட்டிக் கேளுங்க. வாயால கேட்டா மார்க் போயிடும்" என்று ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். பேச ஒத்துக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் கடைசி நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் சின்னவள் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, பஸ் ஓட்டினதைப் பத்திக் கொஞ்சம் பேசுறீங்களா?"

"அவரா?" என்று அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். "அதுக்கு நீ சுவத்தைப் பதிவு பண்ணலாம்டி. நடுவுல எந்திரிச்சுப் போகாது."

அந்த வார்த்தை உறுத்தியதோ என்னவோ, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தலையணை மேல் மைக்கை வைத்தாள் சின்னவள். குக்கர் விசில் அடிக்கும் என்று அடுப்பையும் அணைக்கச் சொன்னாள். "உங்க ரேடியோ முடியற வரைக்கும் நான் பட்டினியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா மொட்டை மாடிக்குப் போனாள்.

அப்பாவின் வம்சத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் "ம்" என்று உம் கொட்டாவிட்டால் ஒருவருக்கும் பேச்சு நகராது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் இருந்தார். சித்தி அசந்து தூங்கிவிட்டால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் அவள் பல் தேய்க்கும்போது விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்.

அப்பா வண்டி பழகியதிலிருந்து ஆரம்பித்தார். சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நாலு வாக்கியம்கூடத் தாண்டவில்லை.

"என்ன, தூங்கிட்டியா?"

"கேக்குறேன்பா. சத்தம் வரக்கூடாது."

"அப்ப நான் யார்கிட்ட சொல்றேன்? இந்தக் கம்பிகிட்டயா?" அப்பா எழுந்துவிட்டார். "இதானே உங்க படிப்பு. மைக்கை நீட்டுவீங்க, ஆளைக் கேக்க மாட்டீங்க."

அந்தக் கோபம் இன்றைக்கு முளைத்ததில்லை என்று அவளுக்குச் சுருக்கென்று பட்டது. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "சொல்லுங்கப்பா. நான் உம் கொட்டுறேன்."

"ஒரு நாள் இறக்கத்துல பஸ் பிரேக் பிடிக்கல. மண் மேட்டுல கொண்டுபோய் ஏத்தினேன்."

"ம்."

"உயிர்ச் சேதம் இல்ல. ஆனா உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டுக் கத்துறாங்க. அப்ப ஒருத்தன் மைக்கோட வந்து, எப்படி ஆச்சுன்னு கேக்குறான். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, முதல்ல உள்ள இருக்கிறவங்கள இறக்குங்கன்னு சொன்னேன்."

"ம்… ம்." அவர் முடிப்பதற்குள்ளேயே கொட்டிவிட்டாள்.

"டிவில, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க வரைக்கும்தான் வந்துச்சு. மிச்சத்தை வெட்டிட்டான். விசாரணையில என் மேல தப்பில்லன்னு வந்தது. அதை எவன் போட்டான்? உன் பெரிய அத்தை இன்னும் கேக்குறா, ஓட்டுறவனுக்கே தெரியலன்னா எப்படிடான்னு. அப்புறம் வண்டில ஏறவே பிடிக்கல. டிப்போவுலயே வேலை வாங்கிட்டேன்."

அவர் பஸ் ஓட்டுவதை விட்டதற்குக் கால் வலிதான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த "ம்" வர நேரமாயிற்று. அதுவரை அப்பா காத்திருந்தார்.

மறுநாள் பல்கலைக்கழகப் பதிவறையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். மற்ற இடங்களில் உம்மைத் தனியாகப் பிரித்துவிடலாம். அந்த ஓரிடத்தில் மட்டும் அவள் அவசரப்பட்டுக் கொட்டியது "முதல்ல உள்ள இருக்கிறவங்கள" என்பதன் மேலேயே ஏறிக் கிடந்தது. அதை எடுத்தால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" மட்டும்தான் மிஞ்சும்.

"அந்த வரியையே தூக்கிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"எங்கப்பாவுக்குத் தெரியும்டி."

ஒன்றையும் தொடாமல் அப்படியே கொடுத்துவிட்டாள். மாமாவின் நாற்காலி கண்முன் வந்து போனது.

ஆசிரியை வகுப்பில் போட்டுக் கேட்டார். "யார் அந்த ம்?"

"நான்தான் மேடம். அது இல்லன்னா அவர் பேச மாட்டார். அதை எடுத்தா அவர் சொன்னதும் போயிடும்."

ஆசிரியை அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டார். "மார்க் குறையும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல மேடம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிப்போவிலிருந்து திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வெட்டினியா?"

"இல்லப்பா."

"தேறிட்டியா?"

"மயிரிழையில."

"பாவம், என் தம்பி நாற்காலியைத் துடைச்சே வெச்சிருந்தான்" என்றாள் அம்மா.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். "வகுப்புல என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு."

"மேடம் உள்ள வந்தாங்களா…"

"ம்" என்றார் அப்பா.