அவள் விடுமுறையும் என் விடுமுறையும்

ஜனவரி பிறந்த மறுநாள், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவார்கள். புதுச் சட்டை, புது ஷூ, முதுகைவிடப் பெரிய பை. கம்பிக்கு வெளியே அம்மாக்கள் கையசைப்பார்கள், உள்ளே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தேம்புவார்கள். நான் தரை துடைக்கும் மாப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். சிங்கப்பூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், அந்த அழுகை எனக்கு மாதம் தப்பி வந்ததுபோலவே கேட்கிறது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்து அழுகை ஜூனில்தான் வரும். ஜனவரியில் பொங்கல். அழ யாருக்கும் நேரமிருக்காது.

இங்கே வருடத்தை நான்கு டேர்மாகப் பிரித்திருக்கிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சின்ன லீவு. ஜூன் ஏறக்குறைய முழுதும் லீவு, நவம்பர் பாதியிலிருந்து வருடக் கடைசிவரை பெரிய லீவு. பிள்ளைகள் இல்லாதபோது மேசை நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டு, தரையைச் சுரண்டிக் கழுவி மெழுகு பூசுவோம். அந்த வேலையை முறை போட்டுக்கொள்வதால், ஊருக்குப் போக விடுவதும் அந்த மாதங்களில்தான். பள்ளி நடக்கும்போது ஆள் குறையக் கூடாது என்பது இங்கே விதி.

என் ஒரே மகள் தேன்மொழியை ஆறாம் வகுப்பிலேயே கள்ளக்குறிச்சியில் ஒரு மாணவியர் விடுதியில் சேர்த்தோம். வீடு இருக்க விடுதி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் நிலம் உள்ளவர்கள். நான் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கால் பரீட்சை, அரைப் பரீட்சை, முழுப் பரீட்சை என்று வருடத்துக்கு மூன்று துண்டு. எங்கள் வீட்டுக்கு இரண்டுதான். அரைப் பரீட்சை லீவு விட்டால் கரும்பு வெட்டு வந்துவிடும். அப்பாவும் அம்மாவும் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு ரிஷிவந்தியம் பக்கமோ எலவனாசூர்கோட்டை பக்கமோ, எங்கே வெட்டச் சொல்கிறார்களோ அங்கே போய்க் குடிசை போடுவார்கள். காய்ந்த கரும்பு இலையான சோகையில்தான் கூரை, அதன் மேல்தான் படுக்கை. நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். கொஞ்சம் வளர்ந்ததும் கரும்பைக் கட்டாகக் கட்டினேன். பள்ளி திறந்த அன்று எங்கள் பெஞ்சுகள் காலியாகக் கிடக்குமாம். நான் பார்த்ததில்லை, அங்கே இல்லாதவர்களில் நானும் ஒருவன். முழுப் பரீட்சைக்குச் சோகை கிழித்த கைகளோடு வந்து உட்காருவேன். "வாடா கரும்பு. சாறு எதனா மிச்சம் கீதா, இல்ல வெறும் சக்கையா?" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஒன்பதுவரை தள்ளிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை என்னைத் தள்ளிவிடவில்லை.

மகளுக்கு அந்த மூன்றாவது துண்டு அறுந்துபோகக் கூடாது என்றுதான் விடுதி. என் மனைவி அஞ்சலை இப்போதும் வெட்டுக்குப் போகிறவள். மே மாதம் விடுதியைப் பூட்டும்போது அஞ்சலையும் வெட்டு முடிந்து திரும்பியிருப்பாள். தாயும் மகளும் ஒன்றாக இருப்பார்கள். இதில் பொருந்தாமல் போனவன் நான்தான். ஜூனில் நான் பெட்டியோடு வந்து இறங்கினால், சில நாளில் பள்ளி திறந்து அவள் விடுதிக்குப் போய்விடுவாள். நவம்பரில் போனால் அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள், பரீட்சை முடிந்து லீவு விடுவதற்குள் என் முறை முடிந்துவிடும். போனில் பேசலாமே என்பீர்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு போன் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்கள். வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. நான் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போவேன். தேன்மொழி தலைவாரி, பவுடர் போட்டு, நல்ல சுடிதாரில் வந்து பெஞ்சு ஓரத்தில் நிமிர்ந்து உட்காருவாள்.

"சோறு இன்னாம்மா போட்டாங்க?"

"ஞாயித்துக்கெழமன்னா முட்டப்பா. நீங்க சாப்டீங்களா?"

அதற்கு மேல் எனக்குப் பேச வராது. அவளும் என்னைக் கொண்டு பிறந்தவள். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். சாயங்காலம் காவல்கார அம்மா சாவிக்கொத்தைக் குலுக்குவார். நான் எழுந்து செருப்பை மாட்டுவேன். "பாத்துப் போங்கப்பா" என்பாள் மகள். அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்க்க வந்தவர் தெருமுனை திரும்பி மறையும்வரை கேட்டை விட்டு நகர மாட்டார்கள். மழை பெய்தாலும் நிற்பார்கள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வருடம் வந்தது. அடுத்து நர்சிங் படிக்க வெளியூர் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு மே மாதமாவது அவளோடு வீட்டில் இருந்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. கூச்சத்தை விட்டு, எங்கள் சூப்பர்வைசரான சீனப் பெண்மணியிடம் போய் நின்றேன்.

"மே? ஹாலிடே ஜூன்லா" என்றார்.

"மை டாட்டர் ஹாலிடே மே, மேடம்."

"டாட்டர் சிக்கா?"

"நோ சிக் மேடம். ஹாலிடே."

நோயில்லாத மகளுக்காக ஒருவன் டேர்ம் நடுவில் ஏன் லீவு கேட்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். வெளியே சொல்ல முடியாத நோய் போலும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு லீவு கொடுத்தார். புறப்படும் அன்று இங்கே நோயாளிகளுக்குக் கொடுக்கும் கோழிச்சாறு புட்டிகள் ஒரு பெட்டியைக் கையில் திணித்து, "டெல் ஹெர் டிரிங்க் எவ்ரி டே" என்றார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்த மே மாதம் என் வீட்டில் இருந்தேன். அஞ்சலையின் மடியில் தலை வைத்துப் படுப்பாள் தேன்மொழி. "நீ ஒண்ணும் பின்ன வாணாம் போ, வலிக்குது" என்று அவளோடு சண்டை போடுவாள். நான் உள்ளே நுழைந்தால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள்.

"ஏன்டி, அப்பனுக்குத் தண்ணி குடுக்கறதுக்கா பவுடரு போட்டுக்கினு நிக்கிற? பொண்ணு பாக்கவா வந்துகீறாரு?" என்று அஞ்சலை கேலி செய்வாள். என்னையும் விடமாட்டாள். "நீ இன்னான்னா ஆஸ்பத்திரிக்கு வர்றவன் மாரி தெனம் பன்னு வாங்கிக்கினு வர்ற. வூட்ல சோறு பொங்கலயா?"

நானும் மகளும் சிரிப்போம். மறுநாளும் நான் பன் வாங்குவேன், அவளும் தலைவாரிக்கொள்வாள்.

சிங்கப்பூருக்குக் கிளம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு சாயங்காலம் அஞ்சலை மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம்.

"காலேஜில எப்பம்மா லீவு வுடுவாங்க?"

"செமஸ்டருக்கு செமஸ்டரு வுடுவாங்களாம்பா. எந்த மாசம்னு தெரியல."

"சேந்ததும் கேட்டுச் சொல்லு."

"சொல்றேம்பா."

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே இருந்த நான், எப்போது எழுந்தேன், எப்போது செருப்பை மாட்டினேன் என்று தெரியவில்லை.

"பாத்துப் போங்கப்பா" என்றாள் தேன்மொழி.

"சரிம்மா" என்று நடந்தேன்.

நாலு வீடு தாண்டிய பிறகுதான் நான் புறப்பட்டது என் வீட்டிலிருந்து என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவளுக்கும் அந்நேரம் உறைத்திருக்குமோ என்னவோ, கூப்பிடவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போய் என்ன சொல்வது? தெருமுனை திரும்பி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

டவுன் பஸ் வந்தது. "கள்ளக்குறிச்சி, ஏறுண்ணா" என்றார் கண்டக்டர். தலையாட்டி மறுத்தேன். "அப்ப எங்கதான் போவணும்?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினார். பஸ் போனது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம்தான் என் வீடு. மகள் உள்ளே போயிருப்பாள் என்று தோன்றும்வரை நான் அங்கேயே நின்றேன்.