மலை ஏறாத வாரண்டி

கள்ளக்குறிச்சிக் கடையில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் விற்ற பெண், அது எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் விரிவாகச் சொன்னாள். கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தானாம். கையோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டினால், அதற்கப்புறமும் மூன்று வருஷத்துக்கு ஒரு கவலையும் இல்லையாம்.

"ஒரு போன் போட்டா போதுங்கக்கா. வூட்டுக்கே வந்து பாத்துடுவாங்க."

"நல்லா ஓடும்னு நீயே சொல்ற, அப்புறம் இது எதுக்கும்மா?" என்றார் என் கணவர். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; கேள்வி கேட்டே பழக்கம். நானோ கல்வராயன்மலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நோய் வருவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் பெண் பேசியது என் பாஷையாகவே இருந்தது. அந்த மூன்று வருஷ பிளானையும் சேர்த்து வாங்கினோம்.

வெள்ளிமலைப் பக்கம் எங்கள் வாடகை வீட்டில் கம்பெனி வாரண்டி முடியும்வரை ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடியது. முடிந்த சில வாரங்களில் நின்றுவிட்டது. எனக்குக் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். "பாத்தீங்களா?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு போனை எடுத்தேன்.

மறுமுனையில் இருந்த பெண் இனிமையாகப் பேசினாள். பின்கோடு கேட்டாள். சொன்னேன்.

"மேடம், உங்க ஏரியா எங்க சர்வீஸ் எல்லைக்குள்ள வராதுங்க."

"வீட்டுக்கே வருவாங்கன்னு சொன்னாங்களே?"

"கண்டிப்பா வருவாங்க மேடம். வீடு எல்லைக்குள்ள இருந்தா."

ஃபிரிட்ஜைக் கீழே கொண்டுவந்தால் பார்ப்பார்கள் என்று வழியையும் அவளே சொன்னாள். கீழே, கச்சிராயபாளையத்தில், என் கணவரின் அக்கா வீடு இருந்தது. கரும்பு போடுகிற குடும்பம். ஃபிரிட்ஜ் வாங்குவது வீண் செலவு என்று எங்களுக்கு முதலிலிருந்தே சொல்லிவந்தவர் அவர்.

குட்டியானை வண்டி பிடித்தோம். ஃபிரிட்ஜைப் படுக்க வைக்கக் கூடாது என்பதால் வளைவுக்கு வளைவு என் கணவர் பின்னால் நின்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இறங்கினார். எதிரே வந்த பஸ்ஸில் அவருடைய மாணவர்கள் இருந்தார்கள். கை வேறு ஆட்டினார்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். பிளக்கைச் செருகினார். ஃபிரிட்ஜ் ஓடியது.

"இன்னா கம்ப்ளெயிண்ட்டுங்க?"

"ஓட மாட்டேங்குதுங்க" என்றார் என் கணவர்.

"ஓடிக்கினு இருக்குதேங்க."

சாயங்காலத்துக்குள் உள்ளே பனிக்கட்டியே பிடித்துவிட்டது. மறுபடி வண்டி பிடித்து மலைக்குக் கொண்டுபோனோம். அங்கே பிளக்கைச் செருகினால், லேசாக ஒரு முனகல், அப்புறம் அமைதி. இன்னொரு முறை இறக்கினோம். அதே மெக்கானிக் இந்தத் தடவை வண்டியிலிருந்து இறக்கும்போதே சிரித்தார்.

"உங்க பக்கம் புதுசா ஏதாச்சும் கட்டடம் வந்திருக்குதுங்களா?"

வந்திருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்காகத் தெருக்கோடியில் ஒரு விடுதி. எல்லா அறையிலும் ஏசி.

"அதாங்க. வோல்டேஜ் ரொம்பக் கம்மி ஆயிருக்கும். ஃபிரிட்ஜுல தப்பே இல்ல, கரண்ட்டுலதான் தப்பு. கரண்ட்டெல்லாம் பிளான்ல வராதுங்க."

ஆக, பொருள் கெட்டால்தான் பிளான். எங்கள் பொருள் கெடவில்லை. நாங்கள் இருந்த இடம்தான் கெட்டிருந்தது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தோம். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் இங்கியே இருக்கட்டுமே. சும்மா ஏத்தி எறக்கிக்கினு இருந்தா உடைஞ்சிடப் போவுது" என்றார் நாத்தனார். நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த முறை போனபோது அதன்மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தது. கதவில் மாதா படம். உள்ளே மோர், மல்லிகைப்பூ, பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை ஊசி மருந்து. அந்த மருந்தைப் பார்த்த பிறகு ஃபிரிட்ஜைத் திருப்பிக் கேட்க ஒரு நர்ஸுக்கு வாய் வருமா?

அந்தக் கோடையில் அது நிஜமாகவே கெட்டது. கம்ப்ரஸர் போய்விட்டது. நாத்தனார் எனக்கு போன் செய்ய, நான் கம்பெனிக்கு போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே ஆள் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போனார். ஒரு பைசா கேட்கவில்லை. கடைக்காரப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாயிற்று.

"நல்லவேள, நீ அந்த பிளான் போட்ட. நான்கூட வீண் செலவுன்னு நெனச்சேன்மா" என்று நாத்தனார் மனதாரப் பாராட்டினார்.

"போனதெல்லாம் போவட்டும், உங்களுக்காச்சும் உபயோகப்பட்டுதே அண்ணி" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் அத்தனை நன்றி இருந்தது. சொல்லும்போதே பாதி உண்மையாகிவிட்டது.

பிளான் முடியப்போகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். எங்கள் சேவை திருப்திதானா, இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த என் கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ரொம்பத் திருப்தி" என்றேன். நீட்டித்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாத்தனார் வீட்டுக்குப் போனால், அவர் எனக்கு ஜில்லென்று மோர் கொண்டுவந்து தட்டில் வைத்துத் தருகிறார். "வெயில்ல வந்திருக்க, இன்னும் கொஞ்சம் குடிம்மா" என்கிறார். வாங்கிக் குடிக்கிறேன்.