சகலையின் இயந்திரம் ஓடக்கூடாது என்று ஜெபித்தேன்

பிரியமானவர்களே, என் சகலையின் இயந்திரம் சேற்றில் மூழ்கிவிட்டது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தால் தைரியம் போய்விடும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். போபோடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடையில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பேட்டரி, ஸ்டார்ட்டர், வயரிங். இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே தகரம். என் மனைவி ரூத்தின் தங்கை லில்லியைக் கட்டியவர் எபனேசர். எபி என்று கூப்பிடுவோம். நிக்டியில் இருக்கிறார்.

அவர் பெண் கேட்டு வந்தபோது அடுத்தவர் இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "நல்ல பையன், கொடுக்கலாம்" என்று மாமாவிடம் சொன்னதே நான்தான். ஆறு வருஷத்தில் அவர் சொந்தமாக ஒரு மினி எக்ஸ்கவேட்டர் வாங்கினார். பெரிய இயந்திரம் நுழைய முடியாத சந்துக்குள்ளும் போய் மண் தோண்டும் சின்ன இயந்திரம். அதைச் சபை வாசலில் நிறுத்திப் போதகர் ஜெபித்த அன்று நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். என் முகத்தை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று கை வலிக்கத் தட்டினேன்.

அத்தை வீட்டுக்கு யாராவது வந்தால், "இவர் எளைய மருமகன். சொந்த மெஷின் வச்சிருக்காரு" என்பார்கள். என் பக்கம் திரும்பி, "இவர் மூத்தவர்" என்பார்கள். அதோடு முடிந்தது. மிக்சி ஓடாவிட்டால் எனக்கு போன் வரும். எபி வருகிறார் என்றால் மீன் வாங்குவார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் ஒவ்வொன்றையும் மனதில் எழுதி வைத்தேன். அவர் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். நான் ஜெபித்தால் வாய் குழறும். அவருடைய ஜெபத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை. ஒரு விசுவாசிக்கு இது எவ்வளவு கேவலம் என்று தெரியும். தெரிந்தும் விடவில்லை.

போன ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நம் சாந்தி அக்கா குடியிருக்கும் சந்தின் ஓரமாக ஒரு நாலா, பெரிய சாக்கடை, ஓடுகிறது. அதைத் தூர்வாரும் வேலை எபிக்குக் கிடைத்திருந்தது. நாலாவின் குறுக்கே மண்ணால் ஒரு தடுப்பு போட்டு, தண்ணீரைக் குழாய் வழியாகத் திருப்பிவிட்டு, காய்ந்த பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். அன்று காலை பெய்த மழையில் கரை இடிந்து, இயந்திரம் இடது பக்கமாகச் சரிந்து இருக்கை மட்டத்துக்குச் சேற்றில் இறங்கிவிட்டது. எபி உடனே எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்திருக்கிறார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதி வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்தது. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது.

"அண்ணாச்சி, மெஷின் போயிட்டு. செத்துக் கெடக்கு. என்ன செய்யன்னு தெரியல. நீங்க வந்து பாருங்க" என்றார் போனில். நான் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

போனபோது வேலையாட்கள் செயின் பிளாக் மாட்டி இயந்திரத்தை நிமிர்த்திக் கரையில் இழுத்து வைத்திருந்தார்கள். சரிந்து கிடந்தபோது பின்பக்கம் மேலே தூக்கி நின்றதால் எஞ்சினுக்குள் சேறு போகவில்லை. ஆயிலைப் பார்த்தேன், தண்ணீர் கலக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, ஃபியூஸ் பெட்டியையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துக் காயவைத்தேன். திரும்பப் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கு மின்னியது. உடனே எல்லாம் அணைந்தது.

இந்த வேலையில் இருப்பவனுக்கு இது பெரிய புதிர் இல்லை. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, சாவியைத் திருப்பி இழுத்தால் தங்கவில்லை. ஓட்டுநர் கால் வைக்கும் தரைத் தகட்டுக்கு அடியில் கை விட்டேன். பேட்டரியின் எர்த் வயரை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட் விரலுக்கே ஆடியது. இடையில் சேறு. கழற்றி, சுரண்டி, முறுக்கினால் பத்து நிமிஷம்.

நான் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"கன்ட்ரோலர்ல தண்ணி போயிட்டு, தம்பி. அதைக் கழட்டி அனுப்பணும். மூணு வாரமாவது ஆகும்" என்றேன்.

அவர் இயந்திரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்தேன். வீட்டுக்கு நடக்கும்போது, ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் ஜெபித்தேன். 'கர்த்தாவே, இன்னும் கொஞ்ச நாள் அது ஓடாமல் இருக்கட்டும்' என்று. வாய் குழறவே இல்லை.

புதன்கிழமை காலை சாந்தி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். விடாமல் மழை. தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்த குழாயில் குப்பை அடைத்து, தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. தடுப்பை வெட்டிவிட வேண்டும். ஆனால் அது கல்லும் சேறுமாகக் குவித்த மண், ஆளுயரம். வெட்ட வேண்டிய இயந்திரமோ பக்கத்தில் செத்துக் கிடக்கிறது. வேறு இயந்திரம் அந்தச் சந்தில் நுழையாது. எபியும் இரண்டு ஆட்களும் விடியற்காலையிலிருந்து மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மராட்டிப் பெண் கோதுமை டின்னைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"தாதா, மஷீன் கதீ சாலூ ஹோணார்?"

எப்போது ஓடும் என்று என்னைக் கேட்கிறாள். நான் வானத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கூட்டத்துக்கு எபி சேற்றுக் காலோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஜெபிக்கச் சொன்னார்கள். அவர் இயந்திரத்துக்காக அதிகம் கேட்கவில்லை. "ஆண்டவரே, எங்க அண்ணாச்சி நேத்து முழுக்கச் சேத்துல படுத்துக் கெடந்து பாத்தாங்க. அந்தக் கைய ஆசீர்வதியும். அவங்க கடைய ஆசீர்வதியும்" என்றார். அங்கே இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். இதிலும் இவர் என்னை முந்துகிறாரே என்று. அந்தக் கோபம் முடிவதற்குள் சாந்தி அக்கா எழுந்து பாயைச் சுருட்டினார். பாயின் ஓரம் நனைந்திருந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

நான் வெளியே போனேன். "சும்மா இன்னொரு தடவ பாக்கேன்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்கு அடியில் படுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன், சேறும் துருவும் போகச் சுரண்டினேன், இறுக்கினேன். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இது முடிந்துவிடும் என்பது என் கணக்கு. சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. 'டிக்' என்றுகூட இல்லை.

ரிலேயை மாற்றினேன். ஃபியூஸைப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துச் சோதித்தேன், ஸ்டார்ட்டர் நன்றாக இருந்தது. சாவியிலிருந்து வரும் உத்தரவு மட்டும் ஸ்டார்ட்டரை எட்டவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சாக விரலால் அழுத்தி அளந்தேன். எல்லாம் சரி என்றே மீட்டர் காட்டியது. ஒன்றரை மணி நேரம் போனது. மழை முதுகில் அடித்தது. இந்த இயந்திரம் ஓடக்கூடாது என்று கேட்டவன் நான்தானே. கர்த்தர் அதைக் கேட்டுவிட்டாரோ?

அந்தச் சேற்றில் குப்புறப் படுத்தபடியே சொன்னேன்: "ஆண்டவரே, நேற்று கேட்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பொறாமை. அவரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. என்னால் இதை நிறுத்த முடியவில்லை. என்னையும் பாரும், இந்த வீடுகளையும் பாரும்." அவ்வளவுதான் என் ஜெபம். குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்காததும்.

எபியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, கன்ட்ரோலர்ல ஒண்ணும் இல்ல. நேத்தே எனக்குத் தெரியும். எர்த் வயர்தான் லூசா இருந்துச்சு. தெரிஞ்சே மறைச்சேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பொறாமை."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா சாந்தி அக்கா வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்காது" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச தூரம் நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்தார். முகம் இறுகியே இருந்தது. "சரி, இப்ப என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் முதல் நாளே நான் கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "வண்டி சரியும்போது நீங்க என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க." அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பொறாமை என் வாயைக் கட்டி வைத்திருந்தது.

எபி கண்ணை மூடி யோசித்தார். "சாவிய அணைச்சேன். இடது கைப்பக்கம் இருக்கிற லாக் லீவர வேகமாத் தூக்கினேன். அது மேல கால வச்சுத்தான் குதிச்சேன். 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எலும்புதான் முறிஞ்சிட்டோன்னு பயந்தேன்."

ஓட்டுநர் இறங்கும்போது தூக்கிவிடும் பாதுகாப்பு லீவர் அது. அதைத் தூக்கியிருந்தால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். லீவர் மேலே வரும்போது அழுத்துவதற்கு அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை நான் விரலால் அழுத்திப் பார்த்துச் சரி என்று விட்டிருந்தேன். இப்போது மூடியைக் கழற்றி, லீவரைத் தூக்கச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். லீவரைப் பிடித்திருந்த தகடு அவர் மிதித்ததில் வளைந்திருந்தது. லீவர் மேலே வந்தது, ஆனால் சுவிட்சைத் தொடவில்லை. ஒரு நெல் நீளம் இடைவெளி. அதில் சேறு அடைத்திருந்ததால் வெளியிலிருந்து தெரியவில்லை.

அவர் லீவரைப் பிடித்துக்கொண்டார். நான் தகட்டை நிமிர்த்தினேன். "இன்னும் கொஞ்சம், அண்ணாச்சி. வழக்கமா இவ்வளவு மேல வரும்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் வளைத்தேன். சுவிட்சைத் துடைத்தேன். 'க்ளிக்' என்றது.

எபி ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. சந்து முழுக்கக் கை தட்டியது. நான் அழுதேன். பொறாமை இல்லாமல் அவருக்காக நான் சந்தோஷப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் தடுப்பு உடைந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. சாந்தி அக்கா வீட்டில் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. மற்ற வீடுகளுக்குள் வரவில்லை.

ஒரே நாளில் நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எபிக்கு ஒரு புது வேலை கிடைத்தது என்று கேட்டால் இன்னும் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் அதை இப்போது ஒளித்துவைப்பதில்லை. அந்த நிமிஷமே, 'ஆண்டவரே, மறுபடியும் பொறாமை வந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவருக்கு போன் போட்டு, "வேலை எப்படிப் போகுது, தம்பி?" என்று கேட்கிறேன். கேட்டு முடிப்பதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. சாந்தி அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என் மூச்சு உள்ளவரை கர்த்தருக்கு நன்றி சொல்வேன். நான் கேட்ட கெட்ட ஜெபத்தைத் தள்ளிவிட்டு, நல்லதற்குச் செவிகொடுத்தவர் அவர்.

எபி இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. லில்லியிடம்கூட இல்லை. அத்தையும் ரூத்தும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்களும் இப்போதுதான் கேட்கிறார்கள். அவர் மூடி வைத்ததை நானே திறந்து சொல்ல வேண்டும் என்றுதான் இன்று எழுந்து நின்றேன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களில் சிலருக்கு ஒருவருடைய பெயர் மனதில் வந்திருக்கும். வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், இதே சபையில் ஒருவர். அந்தப் பெயரோடேயே கர்த்தரிடம் போங்கள். அழகாக ஜெபிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. நான் சேற்றில் கிடந்தபோதும் என் ஜெபத்தை அவர் கேட்டார்.