பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்

செல்வராணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் சாவகச்சேரியில் ஒரு புது வீட்டில், ஏணியில் நின்று யன்னல் அளந்துகொண்டிருந்தேன். மனைவிதான் தொலைபேசியில் சொன்னாள். இரவு நித்திரையிலேயே போய்விட்டாராம். "எந்தச் செல்வராணி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த செல்வராணி ஒருவர்தான். உரும்பிராய்ப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, குடும்பநல உத்தியோகத்தராகவே நரைத்து ஓய்வுபெற்றவர். தெரிந்தும் கேட்டேன். பிறகு மிச்ச யன்னல்களையும் அளந்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அவருடைய தராசில் பிள்ளையைக் கிடத்திய தாய்மார் அவரைப் பற்றி அன்பாக நினைவுகூருவார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் யன்னல்களுக்குத் திரையும், கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் பிளைன்ட்ஸும் பூட்டுகிற கடைக்காரன். எனக்கு அவர் வாய்த்த விதம் வேறு. உள்ளதைச் சொன்னால், கொஞ்சக் காலம் அவருடைய ஸ்கூட்டியைத் தெருவில் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

முதல்முறை அவர் கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. சுவாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத் திரும்புகிறேன், வெள்ளைச் சேலையில் நிற்கிறார். வாங்க வந்தவர் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. காட்சிக்குத் தொங்கவிட்டிருந்த பிளைன்ட்ஸின் இழுகயிற்றைப் பிடித்து, அதன் வளையத்துக்குள் தன் கையை மணிக்கட்டுவரை விட்டு ஒரு முறுக்கு முறுக்கினார்.

"உதுக்குள்ளை ஒரு பிள்ளை கழுத்தைக் குடுத்தால் என்ன நடக்கும் தம்பி?"

கடை திறந்த கையோடு இதென்ன கதை என்று எனக்கு எரிச்சல். பிள்ளை கத்தும், தாய் ஓடி வருவாள் என்றேன்.

"கத்தாது. கத்துறதுக்குக் காத்து வேணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு முழம் துணிகூட வாங்கவில்லை. விடியக்காலமை அபசகுனம் பிடித்த மனுசி என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பிளைன்ட்ஸ் வரும் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் கொழுக்கியும் இரண்டு ஸ்க்ரூ ஆணிகளும். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அந்தக் கொழுக்கியைச் சுவரில் பூட்டி, கயிற்றை அதில் சுற்றிவிடவேண்டும். நாங்கள் எவரும் அதைப் பூட்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கட்டுவித்த வீடு, நேற்றுத்தான் பெயின்ற் அடித்த சுவர், தேவையில்லாமல் ஓட்டை போடாதே என்பார்கள் வீட்டுக்காரர். நானும் அந்தப் பையை அவர்கள் கையில் கொடுத்து, மிச்சச் சாமான், பிறகு உதவும், பத்திரமாய் வையுங்கோ என்பேன். பத்திரமாய்த்தான் வைத்தார்கள். காணி உறுதியோடும் பிள்ளையின் பஞ்சாயுதப் பதக்கத்தோடும் அலுமாரிக்குள் வைத்தார்கள். பிளாஸ்ரிக்காய் இருந்தாலும் வெளிநாட்டுச் சாமான் அல்லவா!

உரும்பிராயில் நடந்தது பலருக்குத் தெரியும். யார் பூட்டிய பிளைன்ட்ஸ் என்பது மட்டும் தெரியாது. நான் பூட்டியது.

வைகாசிப் புழுக்கம். காற்று வரட்டும் என்று கட்டிலை யன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். கயிறு பிள்ளையின் முகத்தில் படுகிறதே என்று தாய் அதை மடித்து முடிச்சுப் போட்டிருந்தாள். ஒழுங்காய் இருக்கட்டும் என்று செய்த வேலை. ஒரு சுருக்குத்தான் அமைந்தது. தாய் கைக்குழந்தையோடு பின்பக்கம் நின்றாள். மூத்தது இரண்டு வயதுப் பெண். கைக்குழந்தையின் நிறை பார்க்க வந்த அக்கா கேற்றடியில் ஸ்கூட்டியை நிற்பாட்டியபோது, அந்தப் பிள்ளை யன்னலில் நிற்பதைக் கண்டார். கையசைத்தார். எந்நாளும் துள்ளுகிற பிள்ளை அன்று அசையவில்லை. ஸ்கூட்டியை அப்படியே கீழே விழவிட்டு ஓடினார். முதலில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார், பிறகுதான் கயிற்றைக் கழற்றினார். பிள்ளை உயிரோடு இருக்கிறது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கழுத்தில் இருந்த கோடு மறையக் கனநாள் எடுத்தது.

அடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். சண்டைக்கு ஆயத்தமாய் இருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஆரிலை பிழையெண்டு நான் அவைக்குச் சொல்லேல்லை. நீரே போய்ச் சொல்லும்."

நான் என்ன முகத்தோடு போய் மன்னிப்புக் கேட்பது என்றேன்.

"நீர் மன்னிப்புக் கேக்கப் போகேல்லை. கொழுக்கி பூட்டப் போறீர்."

போனேன். தகப்பன் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். பிழை என்னுடையது, கொழுக்கியைப் பூட்டாமல் பையோடு உங்களிடம் தந்துவிட்டேன் என்று சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்தப் பொலித்தீன் பையை எடுத்து வந்தார். பையின் வாயைக்கூடப் பிரித்திருக்கவில்லை. "உதுதானோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அத்தோடு அக்கா விடவில்லை. நான் பூட்டிய வீடுகள் எல்லாவற்றையும் ஊர் வாரியாய் எழுது என்றார். எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரில்லோடு திரிந்தேன். கயிற்றைக் கட்டையாக்கி, கொழுக்கி பூட்டி, கட்டிலை யன்னலடியில் இருந்து தள்ளிப் போடுவித்து வருவேன். சில நாள் அக்காவும் வருவார். எந்த வீட்டிலும் தேநீர் குடிக்கமாட்டார். எல்லா வீட்டுத் தேத்தண்ணியும் குடித்தால் தனக்குத்தான் கிளினிக் வைக்கவேண்டும் என்பார். வயது போனவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "பிள்ளை இல்லாத வீடெண்டு ஒண்டு இல்லைத் தம்பி. ஆரேனும் தூக்கிக்கொண்டு வருவினம்" என்றார். நான் பூட்டிய கொழுக்கியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் வராது. பாராட்டில் அவ்வளவு கஞ்சம்.

போன மாதம் சந்தையில் கண்டபோது கேட்டார், எல்லா வீடும் முடிஞ்சுதோ என்று. ஓம் அக்கா, முடிஞ்சுது என்றேன்.

முடியவில்லை. கொழும்புத்துறையில் ஒரு வீடு மிச்சம் இருந்தது, பிரான்சிஸ் என்பவருடையது. துணி நிறம் மங்கிவிட்டது என்று என் கடை வாசலில் நின்று ஊர் கேட்கப் பேசிய மனிதர். இனி உங்கள் படலை திறக்கமாட்டேன் என்று நானும் வீறாப்புப் பேசியிருந்தேன். அங்கே புருசனும் பெண்சாதியும் மட்டும்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, "நல்லது தம்பி" என்றார்.

புதன்கிழமை சுடலைவரை போனேன். அங்கிருந்து நேரே எந்த வீட்டுக்கும் போகக்கூடாது என்பதால் வந்து குளித்து, சாப்பிட்டு, டிரில்லை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். படலையைத் திறந்த பிரான்சிஸின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. மகள் மன்னாரிலிருந்து வந்து மூன்று கிழமையாம். பிழையாய்ப் பூட்டிவிட்டேன், பிள்ளைக்கு ஆபத்து, சரிபண்ண வந்தேன் என்றேன். அவர் விலகி வழிவிட்டார்.

அறைக்குள் குழந்தையின் கட்டில் யன்னலோடு ஒட்டி இருந்தது. கயிற்றை வளையமாய் முடிந்து, பிள்ளை எட்டிப் பிடித்து விளையாடட்டும் என்று அதில் ஒரு கிலுக்கட்டி கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. பிரான்சிஸ்தான் அவிழ்த்தார். ஏணியையும் அவரே பிடித்துக்கொண்டார்.

செல்வராணி அக்காவைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். என்னிடம் இருப்பது, எனக்கு அவர் சொன்ன ஒரேயொரு "நல்லது தம்பி". அதை ஒரு பொய்யைச் சொல்லி வாங்கினேன். அந்தப் பொய்க்குக் கீழே ஒரு குழந்தை மூன்று கிழமை படுத்திருந்திருக்கிறது.