பாலத்தில் நான் விடாத வழி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பக்குரங்கா என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், மனைவி, என் தங்கை. எங்கள் அப்பா இறந்து பல காலம். கொழும்பில் இருந்த தங்கையை விசா எடுத்து இங்கே கூப்பிட்டவன் நான். ஆகவே அவளுடைய கல்யாணமும் என் கையில் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், ஒனிஹங்காவில் கணக்காளர் வேலை. எங்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். ஒரு ஞாயிறு பின்னேரம் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அதிகம் பேசாமல், கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லிவிட்டுப் போனார். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார் என்பது மட்டும் எனக்கு உறுத்தியது.

"ஒரு கார் கூட இல்லைப் போல," என்றேன்.

"நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க சைக்கிள்லதானே வந்தனீங்கள்? அதுவும் இரவல் சைக்கிள்," என்றாள் மனைவி.

குசினிக்குள் தங்கை சிரித்தது கேட்டது. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்தக் கிழமைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தோம்.

அதற்கிடையில் ஒரு காலை, எல்லர்ஸ்லியில் இருந்த என் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் இருக்கும் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போதே இரண்டு வரிசைக் கார்களும் நின்றுவிட்டன. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வலது வரிசையில் இருந்தேன். ஜப்பானில் இருந்து வந்த பழைய கார்தான், ஆனாலும் என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் கார். அதற்குள் அசையாமல் இருந்தபோது, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு வரிசைக்கும் நடுவே வருவதைக் கண்ணாடியில் கண்டேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி இடம் விட்டார்கள். நான் காரை இடப்பக்கம் சரித்து இடைவெளியை அடைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? நான் காத்திருக்கிறேன், இவனும் காத்திருக்கட்டும். அவ்வளவுதான். நின்றும் ஊர்ந்தும் போகிற கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போவது இங்கே குற்றமில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். அலுவலகத்தில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் எனக்கு அதைத் தெளிவாக விளக்கியிருந்தார்.

வந்தவர் ஹோர்ன் அடிக்கவில்லை. என் காரின் பின்னால் காலை ஊன்றி நின்றார். இடப்பக்கத்துக் கார் சற்று முன்னே போய் வழி கிடைத்த பிறகு, நடக்கிற வேகத்தில் என் காரின் இடப்பக்க ஜன்னலுக்கு அருகே வந்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தவர். என்னை அடையாளம் கண்டு, தலையை அசைத்துச் சிரித்துவிட்டு முன்னே போனார். பாலத்தின் நடுவில் கார்கள் வேகம் பிடித்ததும், சிக்னல் போட்டு வரிசைக்குள் புகுந்து, மற்றவர்களைப் போலவே போனார். அதைவிடக் கவனமாக ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அன்று முழுக்க அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அவர் இந்த வீட்டு மாப்பிள்ளையாக வந்தால், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும் ஒரு நாளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். தங்கையும் சிரிப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், "இந்தச் சம்பந்தம் வேண்டாம்," என்றேன்.

"ஏன் அண்ணா?"

"இண்டைக்குப் பாலத்தில கண்டனான். காருகளுக்கு நடுவால பேய் மாதிரி ஓடுறான். உன்னை ஒரு வருசத்தில விதவையாக்கிப் போடுவான்."

"அவரோ? அப்பிடி வேகமாவோ?"

"என்ரை கண்ணால பாத்தது."

மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்கள் சொன்னாச் சரி," என்று தங்கை உள்ளே போய்விட்டாள். எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது என்று எனக்கு ஆறுதலாகக் கூட இருந்தது.

அவர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு வெலிங்டனுக்குப் போய்விட்டார். தங்கை பிறகு வந்த சம்பந்தங்களை எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். இன்று அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, தனியாக இருக்கிறாள்.

போன வருடம் அவள் வீட்டில், அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது, அன்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"பொய் எண்டு அண்டைக்கே தெரியும்," என்றாள். "அந்தக் கிழமை அவரின்ரை மோட்டார் சைக்கிள்ல பின்னால இருந்து ரெண்டு மூண்டு தரம் வேலைக்குப் போயிருக்கிறன். உங்களுக்குச் சொல்லேல்லை. நான் இருந்தா நடுவால போகவே மாட்டார், வரிசையிலதான் நிப்பார். ஏன் எண்டு கேட்டா, 'உம்மோட இருக்கேக்க எனக்கென்ன அவசரம்' எண்டுவார்."

"பிறகேன் ஓம் எண்டனீ?"

"நீங்கள் காரணமில்லாமப் பொய் சொல்லுற ஆள் இல்லையே அண்ணா. அவரைப் பற்றி ஏதோ பெரிய விசயம் தெரிய வந்திருக்கு, எனக்கு நோகக் கூடாதெண்டு வேகத்தைச் சாட்டுறியள் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அது என்னவா இருக்கும், என்னவா இருக்கும் எண்டு யோசிச்சிருக்கிறன். ஊரில ஒரு பெண்சாதியோ, ஏதும் களவோ." நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்கோ. என்ன அது?"

பாலத்தில் காரைச் சரித்து வழியை அடைத்ததையும், அவர் சிரித்துக்கொண்டு போனதையும் சொன்னேன்.

இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பது போல் அவள் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானோ?" என்றாள்.

"ஓம்," என்றேன். "அவ்வளவுதான்."