நான் தூங்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன்

அந்த வீடியோ அரை நிமிஷம்கூட ஓடாது. ரேஷன் கடையில், தராசுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, குறட்டை தெளிவாகக் கேட்கிறது. எதிரே பைகளோடு ஒரு வரிசை. எடுத்தவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்: "பாத்துக்கோங்க. இவங்களுக்கெல்லாம் கவர்மெண்ட் வேலை குடுத்தா இப்டித்தான்."

'இவங்க' என்றால் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் காலனிப் பெண். என் நைனா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில்தான் வேலை செய்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் டிகிரி முடித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். செஞ்சி டவுனில் குடியிருந்துகொண்டு, மேல்மலையனூர் போகிற வழியில் ஓர் ஊரின் ரேஷன் கடையைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டேன். அந்தப் பதினோரு வருஷத்தையும் அந்த வீடியோ ஒரே மத்தியானத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

அன்றைக்கு சர்வர் வேலை செய்யவில்லை. கைரேகை மிஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் இருங்க, வந்துடும்" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

தூக்கம் எனக்கு அன்று புதிதாக வந்ததல்ல. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் கடை இருக்கிற ஊர் தாண்டி மேல்மலையனூரில் கண்டக்டர் எழுப்பிய நாட்கள் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நின்றபடியே கண் சொக்கி, பொங்கி வழிந்த பிறகு விழித்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் தலை கருங்கல் மாதிரி கனக்கும். மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொள்வேன், மிளகை வாயில் போட்டு மெல்லுவேன். நான் சோம்பேறி என்று ஊர் சொல்வதற்கு முன்பே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "மன்னிப்பு கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. நான் மேல பேசி முடிச்சிடறேன்" என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தார்.

"எழுதாத" என்றார்.

"எழுதாம? தூங்கினது நெசந்தான?"

"நீ எங்க தூங்கற? ராத்திரில உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நான் மனசுக்குள்ள எண்ணிட்டு இருப்பேன். பதினைஞ்சு, இருபதுன்னு போவும். பயந்துட்டு தோளப் புடிச்சி உலுக்குவேன். ஒரு இழுப்பு இழுத்துட்டு திரும்பிப் படுத்துக்குவ."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன்யா சொல்லல?"

"நீ கொறட்ட வுடறன்னு பொம்பளைகிட்ட எப்டி சொல்றது? சங்கடப்படுவன்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் பாதி, குறட்டை ஆம்பளைக்கு மட்டுமே உரியது என்று வைத்திருக்கிற உலகத்தின்மேல் பாதி. அந்த வாரமே இரண்டு பேரும் புதுச்சேரிக்குப் போனோம். தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டி, ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர்.

"நீங்க சோம்பேறி இல்லம்மா" என்றார். "ராத்திரி பூரா உங்க உடம்பு மூச்சுக்காக சண்டை போட்டுட்டு இருக்கு. பகல்ல அது தூங்காம வேற என்ன செய்யும்?"

"டாக்டர், இத அப்டியே எழுதிக் குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதே தாளில் எழுதினேன். 'ஆம், பணி நேரத்தில் நான் தூங்கினேன். அலட்சியத்தால் அல்ல, நோயால். சான்று இணைத்துள்ளேன். சிகிச்சை தொடங்குகிறேன். என் அனுமதி இல்லாமல் என்னைப் படம் எடுத்துப் பரப்பியவர்மீது நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி வேணாமேம்மா."

"அந்த வரிக்காகத்தான் சார் மத்த வரியெல்லாம் எழுதினேன்."

சிகிச்சை என்பது ஒரு மிஷின். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடுகிற மாஸ்க். தூங்கும்போது அடைத்துக்கொள்கிற தொண்டையைக் காற்றின் அழுத்தம் திறந்து வைத்திருக்கும். கேட்க எளிதாக இருந்தது. போட்டுப் படுத்தால், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டியது போல் இருந்தது. வெளியே விட வேண்டிய மூச்சை விட முடியவில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் பிடுங்கி எறிந்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். வயிறெல்லாம் காற்று, மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு, தொண்டை வறண்டுபோய்.

"ஒத்து வரலன்னா வுட்டுடு" என்றார் வீட்டுக்காரர்.

"வுட்டா? அவன் எடுத்த வீடியோ நெசமாயிடும். வுடமாட்டேன்."

மிஷினை மாட்டிவிட்டுப் போன பையனுக்குப் போன் போட்டேன். "ராத்திரி மட்டும் போட்டா பழகாது மேடம். பகல்ல, முழிச்சிட்டு இருக்கறப்ப போடுங்க. முதல்ல தலைக்குப் பின்னால போற வார மாட்டாதீங்க, கையால சும்மா மூக்குமேல புடிச்சிக்கோங்க. காத்து கம்மியா ஆரம்பிச்சி மெதுவா ஏறுற மாதிரி செட்டிங் இருக்குது, அத போட்டுக்கோங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவைப் பார்த்த முன் அறையில், கதவைத் திறந்து வைத்தே உட்கார்ந்தேன். ஒளிந்துகொண்டு மூச்சுவிட எனக்கு இஷ்டமில்லை. ஒரு கையில் மாஸ்க், ஒரு கையில் டிவி ரிமோட். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அடுத்த ஞாயிறு வாரை மாட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். காற்றை எதிர்த்து ஊதினால் அதுவும் எதிர்க்கும். வாயை மூடிக்கொண்டு, அவசரப்படாமல் விட்டால் மூச்சு தானாக வெளியே போய்விடும். சண்டை போட வேண்டியது இந்தப் பெட்டியோடு இல்லை என்று மண்டையில் ஏற மூன்று ஞாயிறு ஆனது.

அப்படியும் இடது பக்கம் விசில் அடித்தது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இங்கதான் காத்து போவுது. உன் மூக்குத்தி மாஸ்க்க ஒக்கார வுடமாட்டேங்குது" என்றார்.

பதிமூன்று வயதில் குத்திய மூக்குத்தி. சோப்பு போட்டுத் திருகி எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன். விசில் நின்றது. தலைக்கு எண்ணெய் வைத்தால் வார் வழுக்கியது, எண்ணெயை விட்டேன். கொண்டை இடித்தது, பின்னலாக மாற்றினேன்.

அடுத்த ஞாயிறு என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, வந்தார். என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் வாசலிலேயே கத்தினார். "ஐயோ! இன்னா ஆச்சி? ஆக்சிஜன் வச்சிட்டாங்களா?"

மாஸ்கைக் கழற்றி விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புருஷன் உசிரோட இருக்கறப்ப எவளாச்சும் மூக்குத்திய கழட்டுவாளா?"

"அத போட்டா எனக்கு மூச்சு நிக்குது அண்ணி. நான் போயிட்டா மூக்குத்திய வச்சிக்கிட்டு உங்க தம்பி இன்னா பண்ணுவாரு?"

உள்ளே இருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "அக்கா, எனக்காக யாரும் எதயும் மாட்டிக்க வேணாம். அவ மூச்சு வுடட்டும்."

காபியைக்கூடக் குடிக்காமல் நாத்தனார் கிளம்பிவிட்டார். இப்போதும் போன் பேசினால் முதல் கேள்வி, "மூக்குத்தி போட்டியா?" இல்லை என்பேன். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் விடிந்து கண் விழித்தேன். தெருவில் தண்ணீர் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. தலையில் கனம் இல்லை. மாஸ்க் மூக்கின்மேல்தான் இருந்தது, அது இருப்பதே சற்று நேரம் தெரியவில்லை. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த மனுஷன். எழுப்பாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன்பே, அவர் இன்வெர்ட்டரிலிருந்து கட்டில் பக்கம் தனி வயர் இழுத்து வைத்திருந்தார்.

வீடியோ எடுத்தவர் சர்க்கரை வாங்கக் கடைக்கு வந்தார். யார் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கும் சர்வர் இழுத்தடித்தது.

"அண்ணே, போன எடுங்க" என்றேன். "முழிச்சிட்டுத்தான் இருக்கேன். இதயும் வீடியோ புடிச்சி குரூப்ல போடுங்க."

வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அவர் தரையைப் பார்த்தார். "பழச இன்னாத்துக்கும்மா பேசற?"

"உங்களுக்குப் பழசு. ஹாஸ்டல்ல இருக்கற என் பையன் போனுக்குப் போன வாரம்தான் வந்துச்சு."

சர்க்கரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர்மேல் ஒரு நடவடிக்கையும் வரவில்லை. எனக்குத்தான் தொண்டூருக்கு மாறுதல் வந்தது. "இது தண்டனை இல்லம்மா, எல்லாருக்கும் வர்ற மாறுதல்தான்" என்றார் அதிகாரி.

"எனக்கு வந்தது தூக்க வியாதிதான் சார். புத்தி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டேன்.

தொண்டூரில் முதல் நாள் கடையைத் திறந்தபோது பதினைந்து பேருக்குமேல் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் காதோடு காது பேசிக்கொண்டது தெரிந்தது. வீடியோ எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"நீங்க பாத்த வீடியோல இருக்கறது நான்தான். எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு போற வியாதி. இப்ப மிஷின் வச்சித் தூங்கறேன், நல்லா இருக்கேன். இதுல யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க."

முன்னால் நின்ற பெரியவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கேக்கணும்மா" என்றார். "பருப்பு வந்துடுச்சா?"