மூன்று மாதம் விடாமல் விளக்கேற்றியதால் வந்த வினை

இன்று காலை அத்தை எனக்கு ஒரு கிலோ பச்சை மாங்காய் வாங்கி வந்தார்.

அத்தை என்றால் என் மாமியார். நான் கேட்ட கொத்தமல்லியை மறந்துவிட்டு, கேட்காத மாங்காயோடு வந்து நின்றார்.

"இன்னா அத்த, திடீர்னு?"

"சும்மா நடிக்காத. மூணு மாசமா நானும் பாத்துகினுதான் இருக்கேன். முழுகாம இருக்கறத என்னாண்ட சொன்னா இன்னா கொறஞ்சு பூடும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு நாட்களில் நான் சாமி விளக்கு ஏற்ற மாட்டேன், அத்தைதான் ஏற்றுவார். யாரும் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லை. விளக்கை யார் ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாலே வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும். (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.)

மூன்று மாதமாக ஒரு நாள்கூட விடாமல் நானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அத்தை முடிவே கட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? முருகன் மலைக்கோயிலுக்கு மேலே வரைக்கும் பஸ் போகிறது. ஆனாலும் நேற்று கிருத்திகைக்கு, மூட்டுவலியோடு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏனென்றால் நான் முழுகாமல் இல்லை. கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா பிறந்ததும் காப்பர்-டி வைத்தார்கள். என் தோழிக்கு அது பல வருடமாக ஒரு தொந்தரவும் தரவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் எட்டு நாள் கொட்டித் தீர்க்கும். ரத்தம் குறைந்து, வேலைக்கு அரக்கோணம் போகும் ரயிலில் ஒருமுறை மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் அதை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றினார். சிஸ்டர் முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினார்.

"நாள் முன்னபின்ன ஆவும், சில பேருக்கு அப்பப்ப லேசா படும். சில பேருக்கு வராமலே இருக்கும். பயப்படாத. சந்தேகமா இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கோ. கொழந்த வேணும்னு ஊசிய நிறுத்தினாலும் ஒடனே தங்காது, சில மாசம் ஆவலாம். அத மனசுல வெச்சுக்கோ."

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். அத்தையிடம் யார் சொல்வது என்று வந்தபோது மட்டும், "நீயே சொல்லிடு" என்றார். (என்ன ஒரு வீரம்.) பாப்பாவின் முதல் பிறந்தநாளிலிருந்தே அடுத்த பேரப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது? நான் பயந்து தள்ளிப்போட்டேன்.

இன்று வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன்.

அத்தை முகம் சுருங்கிப்போனது.

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா ஊசிய நிறுத்த வேண்டி வரும்னு பயம் அத்த."

"வராத ரத்தமெல்லாம் உள்ளயே தங்கிக் கெட்டுப் பூடாதா?"

"நானும் அதேதான் கேட்டேன். இந்த ஊசி போட்டா உள்ள சேர்றதே கம்மியாம். அதான் வெளிய வர்றதுக்கும் ஒண்ணும் இல்லன்னாங்க."

"அப்போ போன வருசம் வெளுத்துப் போயி படுத்துகினு இருந்தியே?"

"அது காப்பர்-டி ஒத்துக்காம. இப்போ ரத்தம் ஏறியிருக்குது."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனுக்கு அஞ்சு வருசத்துல மூணு கொழந்த. மூணாவது பொறந்ததும் உங்க மாமா போய் ஆபரேசனுக்குச் சொல்லிட்டு வந்துட்டாரு. பெத்துக்கறப்பவும் என்ன யாரும் கேக்கல, நிறுத்தறப்பவும் கேக்கல."

அதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இதை நானும் அவரிடம் கேட்டதில்லை.

"சரி, உனுக்கு எப்போ வேணும்?"

இப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"பாப்பா ஸ்கூலுக்குப் போவட்டும் அத்த. அப்பறம் பாத்துக்கலாம்."

"ஆங். அது வரைக்கும் எவளாவது இன்னா விசேசம்னு கேட்டா என்னாண்ட அனுப்பு."

ஆகவே, 'எப்போ குட் நியூஸ்?' என்று இன்பாக்ஸில் விசாரிக்கும் அன்பு உறவுகளே, இனிமேல் நேராக வீட்டுக்கே வரலாம். அத்தை பேசுவார்.